விளையாட்டு சர்வர்களுக்கான ரூட்டிங் அட்டவணையைத் தானாக ஒத்திசைத்தல்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

பிங் (தரவுப் பாக்கெட் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) குறைய வேண்டும் என்பதற்காக, இணைய விளையாட்டுகளின் போக்குவரத்தை மட்டும் வயர்கார்டு டனல் (மறையாக்கம் செய்த மெய்நிகர் இணைப்பு) வழியே தொலைவிலுள்ள ஒரு ரிலே (இடைநிலை) சர்வருக்கு அனுப்பிவிட்டு, மற்ற அனைத்தையும் வழக்கமான இணைப்பிலேயே விட்டுவைக்கும் ஏற்பாட்டை ஒரு லினக்ஸ் ரவுட்டரில் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். எந்த ஐபி முகவரித் தொகுதி எந்தப் பக்கம் போக வேண்டும் என்ற பட்டியலைக் கையால் பராமரிப்பது விரைவிலேயே அலுத்துப்போகும் வேலை என்பதால், அதை ஒரு ஸ்கிரிப்டும் அதைக் குறித்த நேரத்தில் இயக்கும் சிஸ்டம்டி டைமரும் பார்த்துக்கொள்கின்றன. இதுவரை பார்த்த அளவில், பட்டியலைத் திரட்டுவது எளிது. நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தைக் கலைக்காமல் அதை ரூட்டிங் அட்டவணையில் (எந்த முகவரிக்கு எந்த வழி என்று ரவுட்டர் வைத்திருக்கும் பட்டியல்) ஏற்றுவதில்தான் இத்தகைய ஏற்பாட்டின் தரம் தெரிகிறது.

சொந்த ஏ.எஸ். எண் (இணையத்தில் ஒரு தனி வலையமைப்புக்கான அடையாள எண்) வைத்திருக்கும் நிறுவனங்கள் தொந்தரவு தருவதில்லை. வால்வுக்கு 32590, ரயட் கேம்ஸுக்கு 6507 என எண்கள் இருக்கின்றன. அவை பிஜிபியில் (வலையமைப்புகள் தமக்குள் வழிகளை அறிவித்துக்கொள்ளும் நெறிமுறை) அறிவிக்கும் தொகுதிகளை ரைப்ஸ்டாட் என்ற இணையத் தரவுச் சேவையின் ஏபிஐ மூலம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வால்வின் ஸ்டீம் தளத்துக்குரிய டேட்டாகிராம் ரிலேயைப் பயன்படுத்தும் விளையாட்டுகளில் நம் கணினி உண்மையான சர்வருடன் நேரடியாகப் பேசுவதே இல்லை என்பதால், ரிலேக்களின் முகவரிகளுக்கு வழி அமைத்தாலே போதும்.

மேகக் கணிமையில் வாடகைக்கு இருக்கும் விளையாட்டுகளில்தான் சிக்கல் தொடங்குகிறது. அமேசான் வெப் சர்வீசஸ் தன் முகவரிகளைப் பிராந்தியம், சேவை வாரியாகப் பிரித்து ஒரு ஜேசன் கோப்பாக வெளியிடுகிறது. ஆனால் ஒரு பிராந்தியத்தின் ஈசி2 (வாடகைக் கணினிச் சேவை) தொகுதிகள் அனைத்தையும் ஏற்றினால், அங்கேயே குடியிருக்கும் எண்ணற்ற இணையதளங்களும் செயலிகளும் சேர்ந்து டனலுக்குள் புகுந்துவிடும். இதற்கு நான் கண்ட வழி, இந்தத் தொகுதிகளுக்குச் செல்லும் யூடிபி (விளையாட்டுகள் பெரும்பாலும் பயன்படுத்தும் நெறிமுறை) பாக்கெட்டுகளை மட்டும் டனலுக்கெனக் குறியிடுவதும், அவற்றிலும் 443ஆம் போர்ட்டை விலக்குவதும் ஆகும். அந்தப் போர்ட்டை விலக்காவிட்டால் யூடிபி மேல் இயங்கும் குவிக் நெறிமுறையில் வரும் சாதாரண இணையப் பக்கங்களும் உள்ளே வந்துவிடும். மைக்ரோசாஃப்டின் மேகச் சேவையான அசூர் தன் பட்டியலை வாரந்தோறும் வெளியிடுகிறது. அதில் புதிதாகத் தோன்றும் தொகுதிகள் குறைந்தது ஒரு வாரத்துக்குப் பயன்பாட்டுக்கு வருவதில்லை. எனவே நாளுக்கு ஒரு முறை சரிபார்த்தால் தாராளம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒத்திசைப்பதைச் சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். மூலத்தைத் தொல்லை செய்வதைத் தவிர அதனால் என்ன பயன் என்று எனக்கு விளங்கவில்லை.

இனி ஏற்றும் முறைக்கு வருவோம். ஆட்டத்தின் நடுவே ஒரு தொகுதி அட்டவணையில் சேர்ந்தாலும் நீங்கினாலும், அந்த இணைப்பின் பாக்கெட்டுகள் வேறு வழியில் வெளியேறத் தொடங்குகின்றன. நாட் மாற்றமும் (ரவுட்டர் செய்யும் முகவரி மாற்றம்) அதனுடன் பொருந்தாமல் போவதால், சர்வருக்கு அதே ஆட்டக்காரர் வேறு முகவரியிலிருந்து பேசுவதாகத் தெரியும், அல்லது பாக்கெட்டே போய்ச் சேராது. ஆகவே ஆயிரக்கணக்கான வழிகளைப் பிரதான அட்டவணையில் எழுதுவதைக் கைவிட்டு, முகவரிகளை லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியான என்எஃப்டேபிள்ஸின் தொகுப்பு ஒன்றில் வைத்தேன். புதிய இணைப்பின் முதல் பாக்கெட் மட்டுமே அந்தத் தொகுப்புடன் ஒப்பிடப்படுகிறது. கிடைத்த குறி, இணைப்புகளை நினைவில் வைக்கும் கனெக்ஷன் டிராக்கிங்கில் பதிந்துவிடுவதால், இணைப்பு முடியும்வரை அதே வழி நீடிக்கிறது. குறியுள்ள பாக்கெட்டுகளுக்கெனத் தனி அட்டவணை உண்டு. அதில் டனலை நோக்கிய ஒரே ஒரு இயல்பு வழிதான் இருக்கிறது. டனல் வழியே திரும்பி வரும் பாக்கெட்டுகளை வீசிவிடாமல் இருக்க, பாக்கெட் சரியான வழியில்தான் வந்ததா என்று பார்க்கும் ஆர்பி ஃபில்டரைத் தளர்வான நிலையான 2இல் வைக்க வேண்டும்.

என்எஃப்டேபிள்ஸ் ஒரு கோப்பில் உள்ள மாற்றங்களை முழுமையாக ஏற்கும், அல்லது முழுமையாக நிராகரிக்கும். வழிகளை நேரடியாக எழுதும் ஐபி ரூட் கட்டளைகளை ஒரே கோப்பிலிருந்து வரிசையாக ஓட்டினாலோ முதல் பிழையிலேயே நின்று, அட்டவணை பாதி பழையதும் பாதி புதியதுமாகக் கிடக்கும். வயர்கார்டின் அனுமதிக்கப்பட்ட ஐபி பட்டியலை எல்லா முகவரிகளுக்கும் திறந்துவிட முடிந்ததும் முகவரிகளைத் தொகுப்பில் வைத்ததால் கிடைத்த இன்னொரு வசதி. முன்பு ஒரே பட்டியலை இரண்டு இடங்களில் ஒத்திசைக்க வேண்டியிருந்தது. வழி இருந்து அனுமதி இல்லாத தொகுதிக்கான பாக்கெட்டுகளை வயர்கார்டு அனுப்ப மறுத்துவிடும்.

மூலங்களை ஓரளவுக்கு மேல் நம்பக் கூடாது. தன்னார்வலர்கள் பராமரிக்கும் பட்டியல் ஒன்று ஒருமுறை வெற்றிக்குறியான 200உடன் வெற்றுக் கோப்பைத் திருப்பியது. புதிய பட்டியல் பழையதைவிடக் கால் பங்குக்கு மேல் சுருங்கியிருந்தால் ஏற்காமல் எச்சரிக்கை மட்டும் அனுப்பும்படி ஸ்கிரிப்ட் எழுதப்பட்டிருந்ததால், அன்று ஆடியவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. பட்டியலிலிருந்து மறைந்த தொகுதியையும் உடனே நீக்குவதில்லை. சில நாள் தொடர்ந்து காணாமல் இருந்தால்தான் அது போகும். தொகுதிகளைச் சுருக்கும்போது பைதானின் ஐபிஅட்ரஸ் நூலகத்தைப் பயன்படுத்துகிறேன். இடைவெளியை மூடி வேறொருவரின் முகவரிகளை அது உள்ளே இழுத்துக்கொள்வதில்லை.

ஒன்றுக்கு மேற்பட்ட ரவுட்டர்கள் இருப்பவர்களுக்கு பேர்ட் என்ற ரூட்டிங் மென்பொருள் வழியே தனியார் ஏ.எஸ். எண்ணில் பிஜிபி ஓட்டுவது பொருத்தமாக இருக்கும். அதில் புதிய அமைப்பைக் காலவரையறையுடன் ஏற்றலாம். உறுதி செய்யாவிட்டால் 300 நொடிகளில் பழைய நிலைக்குத் தானாகத் திரும்பிவிடும்.

இந்த ஏற்பாட்டால் தீராத ஒன்று உண்டு. ஒரு முகவரி எந்த விளையாட்டுக்குரியது என்பதைப் பட்டியல் சொல்லும்; டனல் வழியே போனால் பிங் குறையுமா என்பதைச் சொல்லாது. இணைப்பு நிறுவனம் தன் பாதையை மாற்றிய பிறகு நேர்வழியே வேகமாகிவிட்ட விளையாட்டுகளும் உண்டு. அதனால் அவ்வப்போது இரு வழிகளிலும் பிங்கையும் பாக்கெட் இழப்பையும் அளந்து, எந்த விளையாட்டின் தொகுதிகள் பட்டியலில் இருக்க வேண்டும் என்பதை இன்றும் கையால்தான் முடிவு செய்கிறேன்.