ராஜபாளையம் குட்டி வாங்கப் போகிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

22,000 ரூபாய். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் 'போனது போகட்டும்' என்று விட்டுவிடுவேன், அந்த ஆள் அடுத்த வீட்டுக்குக் கை நீட்டிவிடுவான்.

வீட்டுச் சாமானிலிருந்து பைக் வரை எல்லாம் விற்கும் விளம்பரத் தளம் ஒன்றில் பார்த்து, ராஜபாளையம் நாய்க்குட்டி ஒன்று வாங்கினோம். வந்த குட்டிக்கு இரண்டு காதும் கேட்கவில்லை. பிறவியிலேயே. விற்றவனுக்கு இது முன்பே தெரியும், அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதையும் சொல்கிறேன். நாட்டு நாய் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

யோசிக்காமல் வாங்கவில்லை. கொழுந்தனார் ஹஸ்கி வாங்கலாம் என்றார். பனியில் வண்டி இழுக்க வளர்த்த நாயைச் சித்திரை வெயிலில் ஏசி அறைக்குள் அடைத்து வைக்க எனக்கு மனசில்லை. பக் வேண்டாம், மூக்கு நசுங்கிப் போய் மூச்சுக்கே திணறுகிற இனம். சிப்பிப்பாறையும் கன்னியும் அழகுதான், ஆனால் இரண்டும் ஓட்டத்துக்குப் பிறந்தவை, முயலோ பூனையோ கண்ணில் பட்டால் எங்கள் காம்பவுண்டுச் சுவரெல்லாம் ஒரு தாண்டல்தான். வீடு ஊருக்கு வெளியே, சுற்றிக் காலி மனை, பகலில் நானும் மாமியாரும் மட்டும். காவலுக்கு ராஜபாளையம் சரி என்று முடிவு செய்தோம். வெளி ஆளை அண்ட விடாது, வீட்டாரிடம் ஒட்டிக்கொள்ளும். 2005-இல் தபால்தலையில் வந்த நான்கு இந்திய நாயினங்களில் இதுவும் ஒன்று. 2020-இல் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசிய பிறகு நாட்டு நாய்களுக்குக் கிராக்கி கூடிவிட்டது. கிராக்கி வந்த இடத்துக்கு இந்த மாதிரி ஆட்களும் வந்துவிடுகிறார்கள்.

இனி அந்த ஆளைப் பற்றி.

விளம்பரத்தைப் பார்த்துப் போன் செய்தேன். விலை சொல்லவே இல்லை. முதலில் என்னைத்தான் கேள்வி கேட்டான். "தனி வீடாக்கா, அபார்ட்மெண்டா? அபார்ட்மெண்டுன்னா நான் தர மாட்டேன்." "வீட்ல சின்னப் புள்ளைங்க இருக்காங்களா?" "முன்னாடி நாய் வளத்திருக்கீங்களா? அது எப்படி இறந்துச்சு?" "கட்டிப் போட்டே வளக்கிறதா இருந்தா வேண்டாம்க்கா, வேற நாய் பாத்துக்கோங்க." பொறுப்பாக நாய் வளர்த்துக் கொடுப்பவர்கள் வாங்குபவரைத் துருவித் துருவிக் கேட்பார்கள் என்று எத்தனையோ இடத்தில் படித்திருக்கிறேன். அதை அச்சுப் பிசகாமல் செய்தான். போனை வைத்ததும் வீட்டுக்காரரிடம், "நம்மகிட்ட குட்டியைக் கொடுக்கவே யோசிக்கிறார், நல்ல மனுஷன்" என்று சொன்னேன். அந்தக் கேள்விகள்தான் அவனுடைய தூண்டில் என்பது இப்போது புரிகிறது. நல்லவர்கள் என்ன கேட்பார்கள் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான்.

ராஜபாளையம் பக்கத்தில் ஒரு கிராமம் என்றான். நேரில் வருகிறோம் என்றதற்கு, "தாராளமா வாங்கக்கா, ஆனா இப்போ பக்கத்துல பார்வோ ஓடிட்டிருக்கு, வெளியாள் செருப்புல கிருமி வந்துரும், தாயையும் குட்டிகளையும் யாருக்கும் காட்டலை" என்றான். இதிலும் பாதி உண்மை இருக்கிறது பாருங்கள். நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸ் செருப்பிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வரும், மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், சாதாரண பினாயிலுக்குச் சாகாது. அதனால் நம்பினோம். லொகேஷன் அனுப்புகிறேன் என்றவன் கடைசி வரை அனுப்பவில்லை. தாய் நாயின் படம் ஒன்று, தடுப்பூசி அட்டையின் படம், மைக்ரோசிப் (நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப்) எண்ணோடு ஒரு சான்றிதழின் படம், குட்டிகள் விளையாடும் வீடியோ ஒன்று, எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தன. 5,000 அட்வான்ஸ். மீதி 17,000 பஸ்ஸில் ஏற்றுவதற்கு முன். ஆகமொத்தம் 22,000 ரூபாய், யுபிஐயில், ஒரு பெண் பெயரில் உள்ள கணக்குக்கு. "வீட்டம்மா கணக்குக்கா" என்றான்.

விடிகாலையில் பைபாஸில் ஆம்னி பஸ் நின்றது. கிளீனர் தம்பி ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு, தன் பங்குக்குத் தனியாக வாங்கிக்கொண்டு போனான். உள்ளே பால் வெள்ளையில், ரோஜா நிற மூக்கோடு, மூத்திரத்தில் நனைந்த பேப்பர் மேல் குட்டி படுத்திருந்தது. பெட்டியைத் திறந்தது, நாங்கள் பேசியது, லாரி ஹாரன் எதற்கும் அது எழவில்லை. தொட்டதும்தான் துள்ளி விழித்தது. களைப்பு என்று நினைத்தோம்.

வீட்டில் குக்கர் விசில் அடித்தபோது தூங்கிக்கொண்டே இருந்தது. மாமியார் கையிலிருந்து எவர்சில்வர் தாம்பாளம் அதன் பின்னால் விழுந்து உருண்டது. நாங்கள் எல்லோரும் பதறினோம். குட்டி அப்போதுதான் விழித்திருந்தது, கொட்டாவி விட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. அத்தைதான் முதலில் சொன்னார்: "ஏம்மா, இதுக்குக் காது கேக்கலடி."

கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் குட்டி பார்க்க முடியாதபடி பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டினார், கை தட்டினார், விசில் அடித்தார். காது மடல்கூட அசையவில்லை. உறுதியாகச் சொல்ல மூளை நரம்பின் மின்னலையை அளக்கும் பரிசோதனை வேண்டும், இப்போதைக்கு முழுச் செவிடு போலத்தான் தெரிகிறது என்றார். காரணத்தையும் விளக்கினார். தோலுக்கு நிறம் தரும் செல்கள் உள்காதுக்கும் தேவையாம். முழு வெள்ளை நாய்களில் சிலவற்றுக்கு அந்தச் செல்கள் உள்காதுக்குப் போய்ச் சேருவதில்லை. அப்போது ஒலியை உணரும் நுண்முடிச் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடும். டால்மேஷனிலும் இதே கதைதானாம். ஒரு காது மட்டும் கேட்காத நாய் பார்ப்பதற்குச் சாதாரணமாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட நாயை இணை சேர்த்துக் குட்டி போட வைத்தால் இப்படிப் பிறப்பதற்கான வாய்ப்பு கூடும். வெள்ளை வேண்டும், ரோஜா மூக்கு வேண்டும் என்று நாம் கேட்கக் கேட்க, காது கேட்கிறதா என்று பார்க்காமலே பெருக்குகிறார்கள்.

அவர் வாயைத் திறந்து பல்லையும் பார்த்தார். கடைவாய்ப் பக்கத்துப் பால் பற்கள் அப்போதுதான் ஈறைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தன. "இதுக்குப் பத்து வாரம்னு யார் சொன்னது? ஆறு வாரம் இருந்தாலே அதிகம்" என்றார். தோள்பட்டைகளுக்கு நடுவே ஸ்கேனரை வைத்து, அப்புறம் கழுத்து, விலா என்று முழுக்கத் தேய்த்துப் பார்த்தார். சிப்பே இல்லை. சான்றிதழில் மட்டும் 15 இலக்க எண் ஜம்மென்று இருக்கிறது, யாருடைய நாயின் எண்ணோ. தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் இல்லை, பேட்ச் எண் இல்லை, மருத்துவர் முத்திரை இல்லை. பேனாவால் தேதி எழுதி ஒரு கிறுக்கல், அவ்வளவுதான். அட்டையில் உள்ள தேதியில் இந்தக் குட்டி பிறந்தே இருக்காது.

அதற்கப்புறம் ஆரம்பித்ததுதான் கூத்து.

முதல் போனில்: "புது இடம்க்கா, பயந்து போயிருக்கும், ரெண்டு நாள் விடுங்க."
அடுத்து: "ராஜபாளையம்னாலே பிடிவாதம்க்கா, கூப்பிட்டா வராது. அதுதான் ஒரிஜினலுக்கு அடையாளம்."
அப்புறம்: "காதுல அழுக்கு இருக்கும், சொட்டு மருந்து விடுங்க."
மருத்துவர் சீட்டை அனுப்பியதும் அக்கா போய் மேடம் வந்துவிட்டது. "மேடம், நான் கொடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு. பஸ்ல சத்தத்துல ஆயிருக்கும்." பஸ் சத்தத்தில் காது போகுமாம்!
அதோடு என் எண்ணைப் பிளாக் செய்துவிட்டான்.

வீட்டுக்காரர் எண்ணிலிருந்து கூப்பிட்டதும் எடுத்தான். "சரி சார், பிரச்சினை வேண்டாம். குட்டியை அதே பஸ்ல ஏத்தி விடுங்க, அடுத்த ஈத்துல வேற குட்டி தர்றேன்." இந்தக் குட்டியை என்ன செய்வாய் என்று கேட்டார். "அதை நான் பாத்துக்கறேன் சார்." அந்தப் பாத்துக்கறேனுக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. குட்டியைத் தர மாட்டோம், 22,000-ஐத் திருப்பிக் கொடு என்றார். அந்த எண்ணும் பிளாக்.

விளம்பரத் தளத்தின் உதவிப் பிரிவு அதற்கு மேல். 'வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான பரிவர்த்தனைக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று ஒரே வரியைத் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். நான் ஆத்திரத்தில் என்ன எழுதினாலும் கீழே 'இந்தப் பதில் உதவியாக இருந்ததா?' என்று ஐந்து நட்சத்திரம் வேறு. காவல் நிலையத்தில், "நாய்தான் வந்துருச்சேம்மா, ஏமாத்தினதா எப்படி எழுதுறது?" என்றார்கள்.

இனி அவனுக்கு முன்பே தெரியும் என்று எப்படிச் சொல்கிறேன் என்பது. கோபத்தில் அந்தப் பழைய வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒரு கை தட்டில் கரண்டியால் தட்டுகிறது, ப்ச் ப்ச் என்று சத்தம் கொடுக்கிறது, மற்ற குட்டிகள் எல்லாம் ஓடி வருகின்றன. இடது காதில் மட்டும் சின்னப் பழுப்புப் புள்ளி உள்ள எங்கள் குட்டி முதுகைக் காட்டியபடி சாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறது. அப்போது அந்தக் கை நீண்டு வந்து, தரையை இரண்டு முறை ஓங்கித் தட்டி, அதன் முகத்துக்கு முன்னால் விரலை ஆட்டுகிறது. குட்டி திரும்பி ஓடி வருகிறது. மற்றதையெல்லாம் சத்தத்தால் கூப்பிட்டவன் இதை மட்டும் அதிர்வாலும் விரலாலும் கூப்பிடுகிறான். இது தெரியாமல் செய்கிற வேலையா?

சட்டம் இல்லாமல் இல்லை. நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் மத்திய அரசு 2017-இலேயே விதிகள் போட்டிருக்கிறது. குட்டி போட வைத்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. விற்பதற்கு முன் சிப் வைத்திருக்க வேண்டும். பெட்டைக்கு 18 மாதம் ஆவதற்கு முன் இணை சேர்க்கக்கூடாது. இத்தனையும் ஏட்டில் இருக்கிறது, ஆள் போனில் இருக்கிறான். ராஜபாளையத்திலேயே தலைமுறை தலைமுறையாக ஒழுங்காக வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் பெயரைச் சொல்லிப் பிழைக்கிற இவனைத்தான் சொல்கிறேன்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, குட்டி வேறு செருப்பைக் குதறிக்கொண்டிருக்கிறது. அவசரமாகச் சொல்லிவிடுகிறேன்.

தாயை நேரில் காட்டாதவனிடம் வாங்காதீர்கள். பார்வோ என்றால், ஓய்ந்த பிறகு வருகிறேன் என்று சொல்லுங்கள். நிஜ வளர்ப்பாளர் காத்திருப்பார். வெள்ளைக் குட்டி என்றால் கூடப்பிறந்தவற்றிலிருந்து பிரித்துத் தனியாக விட்டு, பின்னாலிருந்து சாவியை ஆட்டிப் பாருங்கள். கூட்டத்தில் இருக்கும்போது மற்றதைப் பார்த்து அதுவும் ஓடும், கண்டுபிடிக்க முடியாது. சிப்பை ஸ்கேனரில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள், படத்தில் உள்ள எண்ணுக்கு மதிப்பே இல்லை. அட்டைப்பெட்டியில் பஸ்ஸில் வரும் குட்டியை வாங்கவே வாங்காதீர்கள்.

பணம் போய்விட்டால் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். நான் கொடுத்துவிட்டேன். 22,000 வருகிறதோ இல்லையோ, அந்த வீட்டம்மா கணக்கு யாருடையது என்றாவது வெளியே வரட்டும்.

செவிட்டு நாயை வளர்ப்பவர்கள் யாராவது இருந்தால், கை சைகையை எந்த வயதில் பழக்க ஆரம்பித்தீர்கள் என்று கீழே சொல்லுங்கள். அப்புறம், சாக்கு விரித்த சிமெண்டுத் தரையில் வெள்ளைக் குட்டிகள் ஓடும் அந்த வீடியோவைப் பார்த்து வேறு யாராவது குட்டி வாங்கியிருந்தால், உங்கள் குட்டிக்கு இரண்டு காதும் கேட்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிவிட்டு எனக்கு எழுதுங்கள். இரண்டு பேர் புகார் கொடுத்தால் ஏமாற்றியதாக எழுதிக்கொள்வார்கள் என்று வக்கீல் சொல்கிறார். அதே வீடியோவோடு நேற்று ஒரு புது விளம்பரம் வந்திருக்கிறது, இப்போது விலை 25,000.