சுயமதிப்பீடா, சக மதிப்பீடா? அசைன்மென்ட்டுக்கு எது ஒத்துவரும்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. அந்த 40-ல் ஒரு பங்கை மாணவர்களே போடட்டும் என்றால், சென்னைக் கல்லூரி ஸ்டாஃப் ரூமில் உடனே வரும் பதில்: "ஃப்ரெண்டுக்கு ஃப்ரெண்டு அள்ளிப் போட்டுக்குவாங்க சார்." நியாயமான பயம்தான். ஆனாலும் என் ஓட்டு, ஒருவர் தாளை மற்ற மாணவர்கள் திருத்தும் சக மதிப்பீட்டுக்கே.

சுயமதிப்பீட்டில் பாடம் புரியாதவர் தனக்குக் கூட்டிப் போடுவார், நன்றாகப் படிப்பவர் குறைத்துப் போடுவார். மார்க் இல்லாமல், சமர்ப்பிக்கும் முன் சரிபார்க்கும் தாளாக அது போதும்.

சக மதிப்பீட்டில் ஆளுக்கு 3 தாள், தாளுக்கு 15 நிமிடம். 60 பேர் வகுப்பில் 180 திருத்தங்கள். மூன்றுக்குக் கீழே போகக் கூடாது. 4, 9 என்று இரண்டே மார்க் வந்தால் எது பிசகு என்று தெரியாது. சராசரியும் வேண்டாம், வரிசையில் நடுவில் வரும் மார்க்கை எடுங்கள்: 4, 5, 10 வந்தால் சராசரி 6.3, நடு மதிப்பு 5. நண்பர் போட்ட 10 அங்கே எடுபடாது.

எல்லாம் நிற்பது முன்தயாரிப்பில். நல்லது, சுமார், மோசம் என மூன்று மாதிரி விடைகளை வகுப்பே திருத்தி, ஆசிரியர் மார்க்கோடு ஒப்பிட்டு வாதிட ஒரு பீரியட் ஒதுக்க வேண்டும். "போர்ஷன் முடியலையே" என்று இதை வெட்டினால் எல்லாருக்கும் 7, 8 என்றே வரும். ரூப்ரிக்கையும் (எதற்கு எவ்வளவு மார்க் என்ற அளவுகோல் பட்டியல்) பத்து வரியாகப் பிரிக்க வேண்டாம். ஃபால்ச்சிகோவ், கோல்ட்ஃபின்ச் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2000-ல் சக மதிப்பீடு பற்றிய 48 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நன்கு புரிந்த அளவுகோல்களை மனதில் வைத்து மொத்தமாகப் போட்ட மார்க்தான் ஆசிரியர் மார்க்கோடு நெருங்கி வந்தது.

பெயரை மறைத்துக் கொடுத்தாலும் கையெழுத்து ஆளைக் காட்டிக்கொடுக்கும். டைப் செய்த பிடிஎஃப் கேளுங்கள். கோப்பின் பெயரில் ரோல் நம்பர் ஒளிந்திருக்கும், அதையும் பாருங்கள்.

மூடுல் என்ற இணையப் பாடத்தளத்தில் சக மதிப்பீட்டுக்கென உள்ள ஒர்க்‌ஷாப்பில் தானாக வரும் அமைப்பு விடைக்கு 80, திருத்தியதற்கு 20. இங்கே ஒரு பொறி உண்டு. ஒரு தாளைத் திருத்தும் மூவரும் பேசிவைத்து 9 போட்டால், ஒத்துப்போகிறார்களே என்று அந்த 20-ஐயும் அது தூக்கிக் கொடுத்துவிடும். ஆகவே சில தாள்களையாவது ஆசிரியரும் திருத்தி, தன் மதிப்பீட்டின் எடையைக் கூட்டி வைக்க வேண்டும். எந்தத் தாள்கள் என்பதை முன்கூட்டிச் சொல்லக் கூடாது.

குழு ப்ராஜெக்ட் என்றால் இவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன். அங்கே பெயரை மறைக்க வழியில்லை. யார் எந்த வேலை செய்தார் என்ற ஒரு பக்கக் குறிப்பும் வைவாவும்தான் கைகொடுக்கும்.