ஸ்வீட் கார்ன் களைக்கு அட்ரசினா, பெண்டிமெத்தலினா?

இந்த வைகாசியில் ஒன்றரை ஏக்கர் ஸ்வீட் கார்ன் ஊன்றியபோது, பழகிய களைக்கொல்லியான அட்ரசினை விட்டுப் பெண்டிமெத்தலினுக்கு மாறினேன். களை அதில் நன்றாக அடங்கும் என்பதற்காக மாறவில்லை. களையை அடக்குவதில் இன்றும் அட்ரசின்தான் கெட்டி. விலையும் குறைவு. விதைத்த 3 முதல் 5 நாளுக்குள் ஈரத்தில் அடித்தால் சாரணையும் கீரை வகைகளும் ஒரு மாதத்துக்குத் தலைதூக்காது. மக்காச்சோளம் அந்த மருந்தைத் தானே செரித்துக்கொள்ளும்.

எனக்குச் சிக்கல் வந்தது அடுத்த பயிரில். உடுமலைப் பக்கம் எங்கள் காட்டில் ஸ்வீட் கார்ன் எடுத்த கையோடு சின்ன வெங்காயம் நடுவோம். தீவன மக்காச்சோளம் என்றால் 105, 110 நாள் நிற்கும். ஸ்வீட் கார்னைப் பால் பதத்திலேயே 75, 80 நாளில் ஒடித்துவிடுகிறோம். மருந்து மண்ணில் சிதைய ஒரு மாதம் குறைந்துபோகிறது. அதோடு எங்களுடையது சுண்ணாம்புக் கரிசல். காரத்தன்மை கூடிய மண்ணில் அட்ரசின் மெதுவாகத்தான் சிதையும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஏக்கருக்கு 50 சத அட்ரசின் தூள் 500 கிராம் அடித்திருந்தேன். அப்புறம் நட்ட வெங்காயம் நன்றாகத்தான் முளைத்தது. மூன்றாவது வாரம் பழைய தாள்கள் நுனியிலிருந்து மஞ்சளாகிக் காய ஆரம்பித்தன. நோய் என்று நினைத்துப் பூஞ்சாண மருந்து அடித்தேன், கேட்கவில்லை. வரப்போரம் நடந்து பார்த்தபோதுதான் புரிந்தது. டேங்கோடு திரும்புகிற இடத்தில், மருந்து இரண்டு தடவை விழுந்த பட்டையில்தான் பாதிப்பு அதிகம். நோய் அப்படிக் கோடு போட்டு வராது.

பெண்டிமெத்தலினில் இந்தப் பயம் இல்லை, சின்ன வெங்காயத்துக்கே களைக்கொல்லியாக அடிக்கிற மருந்து அது. ஊடுபயிராக உளுந்தோ தட்டைப்பயறோ போடுகிறவர்களுக்கும் இதுதான் வழி, அட்ரசின் அவற்றைக் கருக்கிவிடும். 30 சதப் பெண்டிமெத்தலினை ஏக்கருக்கு 1 லிட்டர், 200 லிட்டர் தண்ணீரில் கலந்து, விதைத்த மூன்றாம் நாள் அடித்தேன். விதை 4 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும், மேலாக விழுந்த விதையின் முளை தடித்துச் சுருளும். மண்ணில் கட்டியும் இருக்கக் கூடாது, காய்ச்சலும் கூடாது. காய்ந்த மண்மேல் வெயிலில் கிடந்தால் மருந்து வீணாகும்.

குறையும் உண்டு. முளைத்துவிட்ட களையை இது தொடாது. கோரையும் அருகும் அப்படியே நிற்கும், பார்த்தீனியமும் அங்கங்கே தப்பி வந்தது. 25ஆம் நாள் ஒரு கைக்களை எடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் யூரியா போட்டு மண் அணைக்க எப்படியும் ஆள் இறங்குகிற நாள் அது, அதனால் கூலி முழுதாகக் கூடவில்லை.

முளைத்த பிறகு அடிக்கிற டெம்போட்ரையோன் விலை அதிகம். ஏக்கருக்கு 115 மில்லியை ஒட்டுத்திரவத்தோடு, களை மூன்று நான்கு இலையில் இருக்கும்போது அடித்தால் வெளுத்துச் சாகும். அட்ரசினையும் கொஞ்சம் சேர்த்து அடிக்கச் சொல்வார்கள். சேர்த்தால் பழைய கவலை திரும்பி வரும். ஸ்வீட் கார்ன் ரகங்கள் சிலவற்றுக்கு டெம்போட்ரையோனைச் செரிக்கிற மரபணு சரியாக இல்லை, அவை களையோடு சேர்ந்து அடிபடும். நான் 20 சென்டில் ஒரே ஒரு தடவைதான் அடித்தேன். வெள்ளைக் கோடு விழுந்து பத்து நாளில் தேறியது. அதை வைத்து உங்கள் ரகத்துக்கு நான் உறுதி சொல்ல முடியாது, முதலில் இரண்டு பாரில் அடித்துப் பாருங்கள். முளைத்த பிறகு அடிக்கிற இன்னொரு மருந்தான டோப்ரமெசோனைப் பக்கத்துக் காட்டில் பார்த்ததோடு சரி.

ஏற்கெனவே அட்ரசின் அடித்தவர்கள் வெங்காயம் நடுமுன் வயலில் நாலு இடத்து மண்ணை, வரப்போர மண்ணையும் சேர்த்து, ஒரு தொட்டியில் போட்டு வெள்ளரி விதை ஊன்றுங்கள். மருந்தே படாத மண்ணில் இன்னொரு தொட்டி. இரண்டு மூன்று வாரத்தில் முதல் தொட்டியில் மட்டும் இலை ஓரம் மஞ்சளாகிக் காய்ந்தால், அந்தப் போகம் வெங்காயத்தைத் தள்ளிவைத்து மாட்டுக்குச் சோளத்தட்டு விதைத்துவிடுங்கள். சோளம் அட்ரசினைத் தாங்கும்.