சொறிக்கு எது கவசம்: நியோப்ரீனா, லைக்ராவா, களிம்பா?

வைகையில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர் எங்களுடையது. அந்த மதுரையில் இருந்துகொண்டு ஸ்கூபா டைவிங் பழகப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். ராமேஸ்வரம் பக்கத்துக் கடலோர ஊரான மண்டபத்தில் வாழ்க்கைப்பட்ட அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "ஏப்பா, உள்ளுக்குள்ள சொறி கெடக்குமே, பட்டா தடிச்சுப் போகும்ல? அதுக்கு என்ன பண்ணப் போற?" என்றார்.

சொறி என்று அத்தை சொன்னது ஜெல்லிமீனைத்தான். அதன் கொடுக்கிழைகளில் லட்சக்கணக்கான நுண்ணிய கொட்டும் உயிரணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சுருட்டி வைத்த ஊசிக்குழல். தோலைத் தொட்டதும் அது பாய்ந்து நஞ்சை இறக்கும். உடல் செத்துக் கரையில் கிடந்தாலும், இழை அறுந்து தனியாக மிதந்தாலும் வேலை நடக்கும். அந்தக் குழல் மிகக் குட்டை என்பதுதான் நமக்குச் சாதகம். தோலுக்கும் இழைக்கும் நடுவே நெருக்கமாக நெய்த துணி ஒன்று இருந்தால் பெரும்பாலும் போதும். என்ன துணி என்பதில்தான் போட்டி.

முதலில் நியோப்ரீன் என்ற நுரை ரப்பர். வெப்பமண்டலக் கடலுக்கு 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள முழு உடைதான் வழக்கம். கொட்டு இதைத் தாண்டாது. பவளத்தில் உரசினாலும் தாங்கும். ஆனால் ரப்பருக்குள் இருக்கும் காற்றுக்குமிழிகள் நம்மை மேலே தூக்கும். அதனால் இடுப்பில் ஈயம் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஆழம் போகப் போக ரப்பர் அமுங்கி, மிதப்பும் மாறிக்கொண்டே இருக்கும். புதிதாகப் பழகுகிறவருக்கு இது தொல்லை. மே மாத வெயிலில் படகில் அதைப் போட்டுக்கொண்டு முறை வரும்வரை காத்திருப்பது இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரிதான்.

அடுத்தது லைக்ரா முழு உடை. காலுறைபோல மெல்லியது, நீரில் எடையும் மிதப்பும் இல்லை, பையில் ஒரு துண்டு அளவுக்கு மடங்கும். இவ்வளவு மெல்லிய துணி எப்படித் தடுக்கும் என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. வட ஆஸ்திரேலியாவில், உலகின் மிகக் கொடிய பெட்டி ஜெல்லிமீன் உலவும் கடற்கரைகளில், அந்தக் காலத்து உயிர்காப்பாளர்கள் பெண்கள் அணியும் நைலான் காலுறைகளை இழுத்து மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினார்கள். இன்று அங்கே குளிப்பவர்கள் போடும் உடைகளும் பெரும்பாலும் லைக்ராதான். அதற்குப் பிறகு என் சந்தேகம் போய்விட்டது.

குறையும் உண்டு. லைக்ரா குளிரைத் தாங்காது. 28 டிகிரி நீர் கேட்க வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் ஒரே நாளில் மூன்று முறை இறங்கினால் மூன்றாவது முறை பல் கிட்டும். அந்தமானில் நாள் முழுக்க முங்குகிறவருக்கு நியோப்ரீன்தான் சரி, அல்லது உள்ளே லைக்ரா, மேலே நியோப்ரீன். மன்னார் வளைகுடாப் பக்கம் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு முறை என்றால் நான் லைக்ராவோடு நிறுத்திக்கொள்வேன்.

வாடகைக்குக் கிடைக்கும் அரைக்கை, அரைக்கால் உடையை இந்த வேலைக்குக் கணக்கில் சேர்க்கவே மாட்டேன். தொளதொள டி-சட்டை அதைவிட மோசம். இழை உள்ளே புகுந்தால் துணியே அதைத் தோலோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது களிம்பு. கொட்டும் கடல் அனிமோனுக்குள் கோமாளி மீன் சுகமாகக் குடியிருக்கிறதே, அதன் மேலிருக்கும் வழவழப்பைப் பார்த்து இஸ்ரேலில் 'சேஃப் சீ' என்ற களிம்பை உருவாக்கினார்கள். சோதனைகளில் கொட்டு குறைந்தது, முழுவதும் நிற்கவில்லை. அதை மட்டும் நம்பி வெற்றுடம்போடு இறங்க எனக்குத் துணிச்சல் இல்லை. தலையுறை போட்ட பிறகும் வெளியே தெரியும் கன்னம், உதட்டோரம், தாடை ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எதைப் போட்டாலும் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வோம். ஒன்று, மேலே ஏறும்போது. 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்தில் எல்லார் கண்ணும் கைக்கடிகாரத்தில் இருக்கும். சொறியோ பெரும்பாலும் அந்த மேல்மட்டத்தில்தான் மிதக்கும். நிமிர்ந்து பார்த்துக்கொண்டே ஏற வேண்டும். தலைக்கு மேல் கூட்டம் தெரிந்தால் கூடுதல் ரெகுலேட்டரை, அதாவது வாயில் வைத்து மூச்சு விடும் கருவியை, அமுக்கிக் காற்றுக்குமிழிகளை விட்டு விலக்கலாம். நங்கூரக் கயிற்றை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது, அறுந்த இழைகள் அதில் சுற்றியிருக்கும்.

இரண்டாவது, படகுக்கு வந்த பிறகு. எனக்குப் பட்டது இங்கேதான். தண்ணீருக்குள் ஒன்றும் ஆகவில்லை. மேலே வந்து, கையுறையோடு முகக்கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் துடைத்தேன். கையுறையில் ஒட்டியிருந்த இழை மேலுதட்டில் கோடு இழுத்துவிட்டது. இரண்டு நாள் ரசம் சாதம்தான்.

பட்ட பிறகு வினிகரா, வெந்நீரா என்பதிலும் சண்டை உண்டு. இது ஆளைப் பொறுத்ததல்ல, எந்தச் சொறி என்பதைப் பொறுத்தது. பெட்டி ஜெல்லிமீன் என்றால் வினிகரை முப்பது விநாடியாவது ஊற்ற வேண்டும். அது வலியைத் தணிக்காது, இன்னும் வெடிக்காத அணுக்களை முடக்கும். நீலப்பை மிதவையாக வரும் புளூபாட்டில் என்றால் இழையை எடுத்துக் கடல்நீரில் கழுவிவிட்டு, 45 டிகிரி அளவு வெந்நீரில் 20 நிமிடம் வைப்பதுதான் ஆஸ்திரேலிய முதலுதவி வழிகாட்டுதல். சூட்டைப் பக்கத்தில் இருப்பவர் முதலில் தன் கையில் ஊற்றிப் பார்க்க வேண்டும், பட்டவருக்கு வலியில் சூடு சரியாகத் தெரியாமல் போகலாம். எது பட்டது என்றே தெரியவில்லையா? வெப்பமண்டலக் கடல் என்றால் வினிகரே முதலில். மணலைத் தேய்ப்பது, சூடாக்காத குடிதண்ணீர் ஊற்றுவது, சிறுநீர் கழிப்பது எதுவும் வேண்டாம். மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ வைத்தியம் பேசிக்கொண்டிருக்காமல் படகைக் கரைக்கு விரட்ட வேண்டும்.

மளிகைக் கடை வெள்ளை வினிகரே போதும். 4 சதவீத அசிட்டிக் அமிலம் என்று சீட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறேன். வெந்நீருக்குப் பழைய டீ பிளாஸ்க். போன முறை நான் முங்கி எழுவதற்குள் படகுக்கார அண்ணன் அதைத் திறந்து, "என்ன தம்பி, வெறும் சுடுதண்ணி வச்சிருக்கீங்க, தூள் போடலியா?" என்றார். இப்போது இரண்டு பிளாஸ்க் எடுத்துப் போகிறேன்.