மோட்டார்ஹோமில் ஏழு குளிர்காலம்: தண்ணீர் உறையாமல் பார்த்துக்கொண்ட அனுபவம்

இதை முத்தியால்பேட்டையில் அம்மா வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மார்கழிக் காலை, 22 டிகிரி இருக்கும், அதற்கே பால் வாங்கப் போகிறவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். படுக்கை, சமையல் மேடை, டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கும் எங்கள் மோட்டார்ஹோம் வண்டி கிழக்குப் பிரான்சில் பெசான்சோன் பக்கத்தில் ஒரு கொட்டகை ஓரமாகப் பனியில் நிற்கிறது. அதைப் பற்றி இப்போது எனக்குத் துளியும் கவலை இல்லை. ஆனால் அந்த நிம்மதி வர மூன்று குளிர்காலம் ஆனது.

புதுச்சேரியில் பிரான்சோடு தொடர்பு உள்ள குடும்பங்கள் நிறைய. சித்தி மகன் லியோனில் இருக்கிறான், இந்தக் கோடையில் அவனும் ஒரு மோட்டார்ஹோம் வாங்கிவிட்டான். அங்கே காம்பிங்கார் என்று சொல்வோம். வாராவாரம் போன் செய்து "அக்கா, குளிர் வருது, என்ன பண்ணணும்?" என்று கேட்கிறான். அவனுக்குச் சொன்னதை எல்லாம் சேர்த்து எழுதினால் இன்னும் நாலு பேருக்கு உதவும் என்றுதான் உட்கார்ந்தேன்.

எங்களுடையது பியட் டுக்காட்டோ மேல் கட்டிய பழைய வண்டி, 2018 கோடையில் வாங்கினோம். கேஸில் ஓடும் ட்ரூமா காம்பி ஹீட்டர், அதே பெட்டிக்குள் வெந்நீர் பாய்லர். நல்ல தண்ணீர் டேங்க் உள்ளே சீட்டுக்கு அடியில், கழிவுத் தண்ணீர் டேங்க் வெளியே தரைக்கு அடியில். இந்த அமைப்பை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே இருப்பது உங்களோடு சேர்ந்து சூடாக இருக்கும், வெளியே தொங்குவது தெருவோடு சேர்ந்து உறையும்.

முதல் வருடம் டிசம்பரில் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது டேங்க்கை மட்டும் காலி செய்துவிட்டு வந்தோம். டேங்க் காலி என்றால் வண்டியே காலி என்று நினைத்தோம். ஜனவரி கடைசியில் திரும்பிப்போய்த் தண்ணீர் ஊற்றி பம்ப்பைப் போட்டதும் சமையல் மேடைக்கு அடியிலிருந்து விசிறி மாதிரி பீய்ச்சி அடித்தது. குழாயின் உடம்பே நெட்டுக்கு விரிந்திருந்தது, பம்ப்பின் தலை பிளந்திருந்தது, ஷவர் பக்கம் குழாய் திரும்பும் இடத்தில் மாட்டும் எல்போ இரண்டு போய்விட்டது. பாய்லர் மட்டும் தப்பித்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

அம்மாவிடம் சொன்னபோது நம்பவே இல்லை. "ஏன்டி, தண்ணி எப்படிடி குழாயை உடைக்கும்?" என்றாள். ஒரு வருடம் அம்மாவே ஃப்ரீசரில் கண்ணாடி பாட்டிலில் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி வைத்து, காலையில் பாட்டில் இரண்டாகப் பிளந்து கிடந்ததை நினைவுபடுத்தினேன். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருத்துவிடும். நீளக் குழாயில் கொஞ்சம் இடம் இருந்தால் தாங்கும். மூடிய குழாய்த் தலை, பம்ப், எல்போ மாதிரி ஒதுங்க இடமில்லாத மூலைகளில்தான் வெடிக்கும்.

இரண்டாவது வருடம் நேர் எதிராகப் போனோம். தண்ணீரை முழுக்க எடுக்காமல், வண்டிக்குள் ஒரு சின்ன எலெக்ட்ரிக் ஆயில் ரேடியேட்டரைக் கொட்டகைக் கரண்டில் போட்டுவிட்டு வந்தோம். நாங்கள் இங்கே இருக்கும்போது கரண்ட் டிரிப் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தற்செயலாகப் பார்த்துப் போன் செய்தார், இல்லாவிட்டால் மறுபடியும் அதே கதைதான். ஆள் இல்லாத வண்டிக்குச் சூடு வைத்துக் காப்பாற்றுவது என்ற யோசனையையே அன்றோடு விட்டோம். நிறுத்திவைக்கிற வண்டியில் தண்ணீர் இருக்கவே கூடாது, ஒரு ஸ்பூன்கூட.

இப்போது செய்வது இதுதான். டேங்க்கைத் திறந்துவிட்டு, பாய்லரின் வால்வைத் திறந்து, எல்லாக் குழாய்களையும் திறந்தே விடுகிறோம். ஒற்றைக் கைப்பிடிக் குழாய் என்றால் கைப்பிடியை நடுவில் நிறுத்த வேண்டும், அப்போதுதான் சூடு, குளிர் இரண்டு பக்கக் குழாயும் வடியும். பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். ஷவர் தலையைக் கழற்றித் தரையில் போட்டு ஆட்டுங்கள், அரை டம்ளர் தண்ணீர் வரும். பம்ப்பை ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு அணைக்கிறோம். டாய்லெட் ஃப்ளஷ் பட்டனையும் நாலைந்து தடவை அமுக்க வேண்டும், அதற்குப் போகும் மெல்லிய குழாயை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

அப்புறம் பம்ப்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டிக் கிண்ணம். உள்ளங்கைக்குள் அடங்கும், உள்ளே தெரிகிற மாதிரி பிளாஸ்டிக். எல்லாம் முடித்துவிட்டோம் என்று நினைத்த பிறகு சீட்டைத் தூக்கி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அதைத் திருகிக் கழற்றுவேன். ஒவ்வொரு வருடமும் அதன் அடியில் இரண்டு ஸ்பூன் தண்ணீர், நாலு சுண்ணாம்புத் துணுக்கோடு, அப்படியே நிற்கும். முதல் வருடம் பம்ப்பைப் பிளந்தது அந்த அளவுத் தண்ணீர்தான். துணியால் துடைத்து, கிண்ணத்தைத் தனியாக ஒரு பையில் போட்டு டிரைவர் சீட்டின் மேல் வைத்துவிடுவேன். திரும்பிப் போகும்போது கண்ணில் படும், மாட்டாமல் பம்ப்பைப் போட மாட்டோம்.

பாய்லர் தப்பித்தது எப்படி என்றால், ட்ரூமாவில் ஃப்ராஸ்ட் கன்ட்ரோல் என்று ஒரு வால்வு இருக்கிறது. கரண்ட் தேவையில்லை. அது இருக்கும் இடத்தில் வெப்பம் 3 டிகிரி அளவுக்கு இறங்கினால் தானாகத் திறந்து பாய்லர் தண்ணீரைக் கீழே கொட்டிவிடும். 7 டிகிரிக்கு மேல் போனால்தான் கையால் திரும்ப மூட முடியும். நல்ல பொருள்தான், ஆனால் தெரியாதவர்களைப் பதறவைக்கும். மலையில் முதல் ராத்திரி, வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டுகிறது, பம்ப் நிற்காமல் ஓடுகிறது, வீட்டுக்காரர் லீக் என்று நினைத்துத் தரைப்பலகையைக் கழற்றவே உட்கார்ந்துவிட்டார். பம்ப்பை அணைக்காமல் விட்டால் டேங்க்கில் இருப்பது முழுக்க அந்த வழியாகவே வெளியே போய்விடும். சிலர் துணி கிளிப் போட்டு வால்வை அமுக்கி வைக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், பாய்லரின் உயிரே அதுதான். முதலில் ஹீட்டரைப் போடுங்கள், வால்வு இருக்கும் அலமாரியின் கதவைத் திறந்து சூடு உள்ளே போகவிடுங்கள், அதற்கு அப்புறம் வால்வை மூடி பாய்லருக்குத் தண்ணீர் விடுங்கள்.

இனி குளிரில் உள்ளேயே தங்குவது. நாங்கள் வருடாவருடம் பிப்ரவரியில் ஒரு வாரம் ஜூரா மலைக்குப் போவோம், மூத் என்கிற ஊர்ப் பக்கம். பிரான்சின் சின்ன சைபீரியா என்று அதைச் சொல்வார்கள், 1968 ஜனவரியில் மைனஸ் 36.7 டிகிரி பதிவான ஊர். நாங்கள் பார்த்தது மைனஸ் 14 வரைதான், அதுவே போதும்.

கேஸ் விஷயத்தில் விளையாடாதீர்கள். அங்கே பியூட்டேன், புரோப்பேன் என்று தனித்தனி சிலிண்டர் விற்கிறார்கள். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் போனாலே ஆவியாகாது, சிலிண்டர் நிறைய இருந்தும் ஹீட்டர் அணைந்துவிடும். புரோப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். நம் வீட்டு சிலிண்டரில் இரண்டும் கலந்து வருவதால் நமக்கு இந்த யோசனையே வராது. மைனஸ் 10 ராத்திரிகளில் எங்களுக்கு 13 கிலோ சிலிண்டர் மூன்று நாள்தான் வந்தது. காலியானால் தானாக அடுத்ததுக்கு மாறும் ரெகுலேட்டர் போட்டதுதான் இந்த வண்டிக்கு நாங்கள் செய்த உருப்படியான செலவு. அதிகாலை மூன்று மணிக்கு அந்தக் குளிரில் வெளியே போய் சிலிண்டர் மாற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஈரம்தான் அடுத்த தொல்லை. முதல் வருடம் காலையில் இட்லி அவித்தேன். பத்தே நிமிடத்தில் கண்ணாடி எல்லாம் வழிந்தது, கூரை ஜன்னலில் பட்ட ஆவி அங்கேயே பனியாக ஒட்டி, ஹீட்டர் சூடு ஏறியதும் படுக்கையில் சொட்டியது. சமையல் அடுப்பின் கேஸும் எரியும்போது தண்ணீர் ஆவியைத்தான் விடுகிறது, ஒரு கிலோ புரோப்பேனுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். ஹீட்டரின் புகை வெளியே போய்விடும், அடுப்புடையது உள்ளேயே நிற்கும். அதனால் மலையில் இப்போது உப்புமா, தோசை, வீட்டில் செய்து எடுத்துப்போகும் புளிக்காய்ச்சல், இவ்வளவுதான். குளிருகிறது என்று காற்றுத் துவாரங்களைத் துணி வைத்து அடைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, அலாரம் இல்லாமல் ஒரு ராத்திரிகூடத் தூங்காதீர்கள். கூரையில் பனி விழுந்தால் முதலில் ஹீட்டரின் புகைப்போக்கியைச் சுத்தம் செய்யுங்கள். முன் கண்ணாடிக்கு உள்ளே மாட்டும் திரையைவிட வெளியே போர்த்தும் தடித்த உறைதான் நல்லது. உள்ளே மாட்டினால் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே ஈரம் கட்டி உறைந்துவிடும்.

கழிவுத் தண்ணீர் டேங்க்கை மூடிவைப்பதே இல்லை, வால்வைத் திறந்து அடியில் ஒரு பக்கெட். பக்கெட்டில் உறைந்தால் தட்டிக் கொட்டிவிடலாம், டேங்க்கில் உறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது. டாய்லெட் பெட்டி உறையாமல் இருக்க, கேரவனுக்கென்று விற்கும் புரோப்பிலீன் கிளைக்கால் ஊற்றுகிறோம். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் சாதாரண கூலன்ட் எதிலீன் கிளைக்கால், அது விஷம், இனிப்பாக வேறு இருக்கும், குழந்தைகளும் நாய்களும் இருக்கும் வண்டிக்குள் அதைக் கொண்டுவராதீர்கள்.

என் மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், எங்கள் ஊரில் சொல்தா என்போம். வண்டியைப் பற்றி அவர் சொன்ன எதுவும் வீண் போகவில்லை. "பனியில நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாதம்மா, கியர்ல விட்டுட்டு சக்கரத்துக்குக் கட்டை வை" என்றார். ஈரத்தோடு பிரேக் ஒட்டி உறைந்துவிடும். டீசலும் அடிவாரத்தில் நிரப்பாமல் மலையூர் பங்கில் நிரப்பச் சொல்வார், கடுங்குளிரில் சாதா டீசலில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கும். புது டீசல் வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் ஆட்ப்ளூ என்ற திரவம் மைனஸ் 11லேயே உறையும், அதற்கு வண்டியே சூடு கொடுத்துக்கொள்ளும், பயப்பட வேண்டாம். லித்தியம் பேட்டரி வைத்திருக்கிறவர்கள் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது, பேட்டரி இருக்கும் இடம் சூடாகும்வரை பொறுங்கள். அப்புறம் 2021 நவம்பரிலிருந்து மலைப் பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயர் அல்லது சங்கிலி கட்டாயம், அதையும் தம்பியிடம் சொல்லியாகிவிட்டது.

பிப்ரவரியில் திரும்பிப் போனதும் முதல் வேலை, பத்து லிட்டர் மட்டும் ஊற்றி, பம்ப்பைப் போட்டு, ஒவ்வொரு இணைப்புக்கு அடியிலும் டிஷ்யூ பேப்பரை வைத்து அரை மணி நேரம் பார்ப்பது. பேப்பர் நனைந்த இடம் தெரிந்துவிடும். போன வருடம் ஷவர் பக்கத்து எல்போ ஒன்று லேசாகக் கசிந்தது, நூல் சுற்றி இறுக்கி ஓட்டினோம். அதற்குப் புதுசு வாங்கி வடிகட்டிக் கிண்ணம் இருக்கும் அதே பையில் போட்டு வைத்திருக்கிறேன்.