கைப்பிடி சுழற்றும் அவசரகால வானொலி: ஒரு மதிப்பீடு

புயலோ வெள்ளமோ வந்து மின்சாரம் நின்றுவிட்ட வீட்டில் கைப்பேசியை மட்டும் நம்பியிருக்க முடியாது. கைப்பேசிக் கோபுரங்களின் மாற்று பேட்டரிகள் தீர்ந்துவிட்டால், நம் கையில் இருப்பது முழு சார்ஜுடன் இருந்தாலும் எச்சரிக்கைச் செய்தி வந்து சேராது. இந்தக் குறையைப் போக்குவதற்காக விற்கப்படும் சிறு வானொலிகளில் ஒன்றை மழைக்காலம் முழுவதும் பயன்படுத்திப் பார்த்தேன். பண்பலை (எஃப்எம்), மத்திய அலை (ஏஎம்), எல்இடி டார்ச், சைரன், சோலார் தகடு, சுழற்றும் கைப்பிடி, யுஎஸ்பி இணைப்பு, 2000 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஆகியவை அதில் உள்ளன.

வானொலி என்ற அளவில் இது மனநிறைவு தருகிறது. பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால் அதன் எல்லை குறுகியது. அருகிலுள்ள நிலையம் செயலிழந்தால் வேறொன்று கிடைப்பது அரிது. மத்திய அலையோ நிலத்தை ஒட்டி நெடுந்தொலைவு பரவுவதோடு, இரவில் வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். ஆகவே, மத்திய அலை இல்லாத மாதிரி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், அதை இந்தத் தேவைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. நீளும் ஆன்டெனா பண்பலைக்குத்தான் உதவும். மத்திய அலையை உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் என்ற காந்தப்பொருள் தண்டு ஈர்ப்பதால், ஒலி மங்கும்போது கருவியையே மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சில மாதிரிகளில் காணப்படும் ‘வானிலை அலைவரிசை’ 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரையிலானது. அமெரிக்கா, கனடா போன்ற சில நாடுகளில் மட்டுமே அதில் ஒலிபரப்பு உண்டு என்பதால், மற்ற நாட்டினர் அதற்கெனக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

கைப்பேசிக்கு சார்ஜ் ஏற்றலாம் என்ற விளம்பரத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இந்த பேட்டரியில் அடங்கும் மின்னாற்றல் ஏறத்தாழ 7.4 வாட்-மணி, இன்றைய 5000 மில்லி ஆம்பியர்-மணி கைப்பேசிக்கோ ஏறத்தாழ 19 வாட்-மணி வேண்டும். இடையில் ஏற்படும் இழப்பையும் கழித்தால், மூன்றில் ஒரு பங்கு ஏறினாலே பெரிது. கைப்பிடியை ஒரு நிமிடம் சுழற்றினால் சில நிமிடங்கள் செய்தி கேட்கலாம். கைப்பேசியை நிரப்ப எண்ணிச் சுழற்றுவது, உறக்கமின்றித் தவிக்கும் குடும்பத்தை மேலும் களைப்படையச் செய்யும். உள்ளங்கையளவு கூட இல்லாத சோலார் தகடு நல்ல வெயிலிலேயே மெதுவாகத்தான் வேலை செய்யும். புயலை அடுத்து வானம் மூடியிருக்கும் நாட்களில், அதாவது நமக்கு மிகவும் வேண்டிய நேரத்தில், அதனால் பெரிய பயன் இல்லை. கைப்பேசிக்குத் தனியாக ஒரு பவர் பேங்க் வைத்துக்கொள்வதே சரி.

டார்ச்சின் ஒளி ஓர் அறைக்குப் போதுமானது. ஐபிஎக்ஸ்3 என்ற தரக்குறியீடு தூறலையும் சாரலையும் தாங்கும் என்றுதான் பொருள்படும். வெள்ளநீரில் மூழ்கினால் கருவி பிழைக்காது என்பதால், இறுக மூடும் உறையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள்.

இக்கருவியில் நான் மிகவும் மதிப்பது, மூன்று ஏஏஏ அல்கலைன் பேட்டரிகளைப் பொருத்தும் வசதியைத்தான். லித்தியம் பேட்டரி சும்மா இருந்தாலும் சார்ஜ் குறைந்துகொண்டே போகும். சில மாதங்களுக்கு ஒருமுறை ஏற்றாவிட்டால் வேண்டிய நாளில் கைவிட்டுவிடும். அல்கலைன் பேட்டரிகளோ பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். ஆனால் அவற்றைக் கருவிக்குள்ளேயே விட்டுவைத்தால் கசிந்து முனைகளை அரித்துவிடும். ஆகவே பிரிக்காத பொதியாக, வானொலியுடன் அதே உறையில் வைப்பது நல்லது.