என்கிளெக்ஸ் வினா வங்கி: ஒரு வருசத்துக்கு மேல் பாவித்த ஒரு யாழ்ப்பாண நேர்ஸின் அனுபவம்

என்கிளெக்ஸ்-ஆர்என் பரீட்சைக்கு எந்த வினா வங்கி (காசு கட்டி இணையத்தில் செய்யும் பயிற்சிக் கேள்விகள்) நல்லது என்று வாட்டில் கூட வேலை செய்யும் தங்கச்சிமார் கேட்டபடியே இருக்கிறார்கள். நான் எடுத்ததன் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் விளம்பரம் என்பீர்கள். பெரிய வினா வங்கிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அமைப்புத்தான். சந்தா கட்டி, பிறகு நீட்டி, ஒரு வருசத்துக்கு மேல் வைத்திருந்தேன். பரீட்சை பாஸ். எது பிரயோசனப்பட்டது, எதற்குக் காசு வீண் என்று மட்டும் எழுதுகிறேன்.

என்கிளெக்ஸ்-ஆர்என் என்பது அமெரிக்காவில் ஆர்என், அதாவது பதிவு பெற்ற தாதி ஆவதற்கான பரீட்சை. கனடாவின் பெரும்பாலான மாகாணங்களும் 2015 முதல் இதையே ஏற்பதால்தான் எங்கள் பக்கம் இதற்கு இவ்வளவு மவுசு. ஸ்காபரோவில் ஒரு சித்தியாவது இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் உண்டா? குறைந்தது 85 கேள்வி, கூடினால் 150, நேரம் 5 மணித்தியாலம். நாங்கள் விடை சொல்லச் சொல்ல அடுத்த கேள்வி எவ்வளவு கடினம் என்பதைக் கணினி தீர்மானிக்கும். பாஸா பெயிலா என்று அதற்கு 95 வீதம் நிச்சயமானதும் நிறுத்திவிடும். 2023 ஏப்ரலிலிருந்து கேஸ் ஸ்டடியும் வந்துவிட்டது: மூன்று நோயாளிகள், ஒவ்வொருவருக்கும் ஆறு கேள்வி.

வினா வங்கியில் காசு கொடுத்து வாங்குவது கேள்விகளை அல்ல, கேள்விக்குக் கீழே இருக்கும் விளக்கத்தை. ஒரு மாதிரி சொல்கிறேன். நாலு நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பீர்கள்? ஒருவருக்குச் சிஓபிடி என்ற நாட்பட்ட நுரையீரல் நோய், இரத்தத்தில் ஒட்சிசன் 90 வீதம். ஒருவருக்குச் சீனி 210. ஒருவர் அப்பெண்டிக்ஸ் ஒப்பரேஷன் முடிந்து, நோ பத்துக்கு ஏழு என்கிறார். நாலாமவர் தொடையெலும்பு முறிந்து இரண்டாம் நாள். அந்தரப்படுகிறார், பேச்சில் குழப்பம், நெஞ்சில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். 90 என்ற இலக்கத்தைக் கண்டதும் கை அங்கே ஓடும். ஆனால் சிஓபிடி நோயாளிக்கு 88 முதல் 92 வரை எதிர்பார்த்த அளவுதான். முறிந்த எலும்பிலிருந்து கொழுப்பு இரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைப்பதற்கான அறிகுறிகள் நாலாமவரிடம் இருக்கின்றன. அவரிடம்தான் முதலில் போக வேண்டும். மோட்டார் சைக்கிள் விபத்தில் தொடை முறிந்து வருகிறவர்களைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு இந்தக் கேள்வி ஒரு தரம் விளங்கினால் போதும், பிறகு மறக்காது. மற்ற மூன்றும் ஏன் பிழை என்று ஒவ்வொன்றாக எழுதியிருப்பார்கள். சரியாக விடை சொன்ன கேள்விக்கும் அந்தப் பகுதியை வாசியுங்கள். குருட்டு அதிர்ஷ்டத்தில் சரியாகிய கேள்விகள் எத்தனை என்று அப்போதுதான் தெரியும்.

வாட் அனுபவம் பாதி துணை, பாதி இடைஞ்சல். இரத்தம் ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நோயாளிக்குக் குளிர் நடுக்கம், நாரி நோ. எச்ஓவை (வாட்டின் இளநிலை டொக்டரை) கூப்பிட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். பரீட்சையின் கணக்கில் முதலாவது வேலை, ஏற்றுவதை நிறுத்துவது. பிறகு புதிய குழாயில் சேலைன் போட்டு ஊசிவழியைத் திறந்தபடி வைத்திருப்பது. டொக்டர் அதற்குப் பிறகு. வாட்டிலும் அதுதான் முறை; ஆனால் கேள்வித்தாளில் 'டொக்டருக்கு அறிவிக்கவும்' என்பது பார்க்க மிகவும் பவ்வியமான விடையாக இருக்கும்.

வேலையைப் பிரித்துக் கொடுக்கும் கேள்விகள் எங்களுக்கு முழுக்க அந்நியம். அங்கே ஆர்என்னுக்குக் கீழே எல்பிஎன் என்ற அடுத்த நிலைத் தாதி, அதற்குக் கீழே உதவியாளர் என்று படிகள் உண்டு. எங்களிடம் அந்த நடுப்படியே இல்லை. புதிய நோயாளியை முதலில் மதிப்பிடுவது, முதன்முதலாகக் கற்பிப்பது, பலன் கிடைத்ததா என்று தீர்மானிப்பது ஆகிய மூன்றையும் ஆர்என் கைவிடக் கூடாது. இதைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலானவை சரிவரும். மருந்துப் பெயர்களையும் கவனியுங்கள்: பரசிற்றமோல் அங்கே அசிற்றமினோபென், சல்பியூட்டமோல் அல்பியூட்டரோல், பெத்திடின் மெப்பெரிடின். டெங்குவும் புடையன் கடியும் தலைகீழாகத் தெரியும் என்ற பெருமை இந்தப் பரீட்சையில் செல்லாது.

'பொருந்துவன எல்லாவற்றையும் தெரிவு செய்க' கேள்விகளுக்கு இப்போது பகுதிப் புள்ளி உண்டு. சரிக்கு ஒன்று கூடும், பிழைக்கு ஒன்று குறையும், பூச்சியத்துக்குக் கீழே போகாது. ஆகவே எல்லாவற்றிலும் கோடு போட்டுவிட்டுத் தப்ப முடியாது.

எனக்குப் பிடிக்காதது அந்த வீதக் கணக்கு. மற்றவர்கள் இத்தனை வீதம், நீ இத்தனை வீதம் என்று ஒவ்வொரு நாளும் முகத்துக்கு நேரே காட்டும். நைட் முடித்து வந்து செய்தால் விழும், லீவு நாளில் செய்தால் ஏறும்; படிப்பைவிட நித்திரையைத்தான் அது அளந்தது. இரண்டாம் சுற்றில் ஏறும் வீதத்தையும் நம்பாதீர்கள், பாதிக் கேள்வி ஞாபகத்தில் இருக்கும். கேஸ் ஸ்டடியைப் போனில் செய்வது வீண்வேலை. நேர்ஸ் குறிப்பு, வைட்டல்ஸ், இரத்தப் பரிசோதனை எல்லாம் தனித்தனித் தாவலில் ஒரு பக்கம், கேள்வி மறுபக்கம். லப்டொப் இரவல் வாங்கியாவது செய்யுங்கள்.

காசு டொலரில். கனடாவில் இருக்கும் மச்சாள் தன் கார்டில் கட்டியதால் நான் தப்பினேன். பரீட்சைக் கட்டணம் 200 டொலர், வெளிநாட்டில் எழுதுவதற்கு மேலதிகமாக 150. எங்களுக்குக் கிட்டிய நிலையம் சென்னை. பலாலியிலிருந்தே விமானம் இருப்பதால் கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போகும் அலுப்பு இல்லை. டியூட்டியோடு படிப்பவர்கள் மூன்று மாதச் சந்தா எடுக்காதீர்கள், முடிக்க முடியாமல் நீட்ட வேண்டி வரும். ஆறு மாதம் எடுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎப் கேள்விக்கட்டுகளைத் திறந்தால் முதலில் ஆண்டைப் பாருங்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தியது என்றால் அதில் கேஸ் ஸ்டடியும் இருக்காது, பகுதிப் புள்ளியும் இருக்காது.